அஸர் பாங்கு வரைக்கும்

குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி என் பணி அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தருமாறு கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு என்னைப் பற்றி அதிகம் தெரியாது என்று நினைக்கிறேன். ஓய்வுபெற்ற மருத்துவர்கள் எழுதும் அனுபவங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் நோயாளிகள் தவறாமல் பிழைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் கைவிரித்த பிறகு எழுதுபவர் மட்டும் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கிறார். உறவினர்கள் அவர் காலில் விழ, அவர் கூச்சத்துடன் பின்வாங்குகிறார். என் காலில் யாரும் விழுந்ததில்லை. ஒருமுறை ஒருவர் குனிந்தார், செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மருந்தின் அளவு, கருவிகளின் இயக்கம், எந்தக் குழந்தையை எந்த அறையில் வைக்க வேண்டும் என்ற விதிமுறை ஆகியவை உங்கள் பாடநூல்களில் இருக்கின்றன. அவை என்னைவிடத் தெளிவாகப் பேசும். பேச்சின் நடுவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிற்காது. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். பெற்றோர் கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றியும், அதற்குப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ள நான் எடுத்துக்கொண்ட அநியாயமான கால அளவைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

நான் கடைசியாகப் பணியாற்றிய மருத்துவமனை பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையோரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றும் பொது வார்டு ஒன்றும் இருந்தன. நடுவில் எதுவும் இல்லை. நேற்றுவரை ஒரு செவிலியர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்ட குழந்தை, இன்று ஒரே செவிலியர் வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. கருவி தேவையில்லை, ஆனால் கண் தேவை என்ற நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கென்று தனியாக ஓர் அறை வேண்டுமென்று நான் நிர்வாகத்தை நச்சரித்தேன். என் வாதத்தின் வலிமையால் அல்ல, என்னைப் பார்த்தாலே ஏற்பட்ட களைப்பினால், இரண்டுக்கும் இடையில் இருந்த பண்டக அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். அதன் ஒரு கதவு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திறக்கும், மற்றது வார்டுக்கு. தாய் குழந்தையின் பக்கத்திலேயே உட்காரலாம் என்பது அந்த அறையின் முதல் விதி.

அதற்கு நான் வைத்த பெயர் 'இடைநிலைத் தீவிரக் கண்காணிப்புச் சிகிச்சைப் பிரிவு'. அன்று மாலை வீட்டில் அதை உரக்கச் சொல்லிக் காட்டினேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். சுருக்கமான விடையே சரியான விடை என்று நம்புபவள்.

"நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள புள்ளைக்கு ஒடம்பு சரியாயிடும்ங்க," என்றாள்.

பலகை எழுதியவருக்கும் இடம் போதவில்லை. 'பிரிவு' என்பதைக் கீழே ஒரு மூலையில் சின்னதாக எழுதினார். அந்தப் பலகையை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. துப்புரவுப் பணியாளர் முதல் வாசலில் வந்து நிற்கும் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் அது 'நடு ரூம்'. ஓராண்டு கழிந்தபின் நானும் அப்படியே சொல்லத் தொடங்கினேன். என் மனைவி அதைக் கவனித்தாள், எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் விட்ட சந்தர்ப்பங்களை நினைத்துப் பார்க்க இப்போது எனக்கு நேரம் கிடைக்கிறது.

நடு ரூமின் சிரமம் மருத்துவத்தில் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் தகப்பனிடம் "கவலைக்கிடம்" என்று சொல்லலாம். வார்டில் இருப்பவரிடம் "தேறிவிட்டது" என்று சொல்லலாம். இரண்டும் முழு வாக்கியங்கள். சொன்னவுடன் நாம் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடலாம். நடு ரூமில் இருக்கும் குழந்தையோ இரண்டிலும் அடங்காது. ஆனால் கேள்வி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "நல்லாயிருக்கா, இல்லையா?" இதற்கு என்னிடம் ஒரு விரிவுரை தயாராக இருந்தது. சுவரில் மூன்று படிகள் கொண்ட படம் ஒன்றை ஒட்டி, குச்சியால் சுட்டிக்காட்டி விளக்குவேன். மேல்படி தீவிர சிகிச்சை, நடுப்படி நடு ரூம், கீழ்ப்படி வார்டு. படத்தை வரைந்தவனும் நானே. படிகள் இறங்குவது முன்னேற்றம் என்று அதில் இருந்ததைக் கண்டு ஒரு கிழவர் "தப்பா மாட்டியிருக்காங்க" என்று அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனி சமீராவின் கதை.

சமீராவுக்கு அப்போது ஆறு வயது. லெப்பைக்குடிக்காட்டுப் பெண். கடுமையான நிமோனியா, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி, அதை வடிக்கக் குழாய் போட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் வெகுநாள் கிடந்தவள். குழாயை எடுத்துவிட்டோம். காய்ச்சல் விட்டிருந்தது. மறுநாள் நடு ரூமுக்கு மாற்றலாம் என்று முடிவு செய்திருந்தேன். அன்று காலை எறையூரிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பெயர் கவின். கரும்புக்காட்டில் பாம்பு தீண்டி, இமை தூக்க முடியாமல், மூச்சும் அடங்கிக்கொண்டிருந்தது. செயற்கைச் சுவாசக் கருவி அவனுக்கு உடனே வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இடமில்லை. இருந்தவர்களில் வெளியே போகக்கூடிய ஒரே குழந்தை சமீரா. ஒரு நாள் முன்னதாக அவளை மாற்றினேன். இன்று அதே காலை திரும்பி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

மாற்றியதில் பிழை இல்லை. பிறகு நான் பேசியதில்தான் வினை. சமீராவின் தாய் ரஹ்மத்தையும் தாய்மாமன் ஜாபரையும் படத்தின் முன் நிறுத்தி, குச்சியை எடுத்துக்கொண்டு, நடுப்படியின் தத்துவத்தை விளக்கினேன். இது முழு நலம் அல்ல, கண்காணிப்புக் காலம், மீண்டும் மேல்படிக்குப் போக நேரலாம், ஆயினும் அச்சம் வேண்டாம். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. இருவரும் மிகுந்த மரியாதையுடன் தலையாட்டினார்கள். பெரம்பலூரில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் ஜாபர், வெளியே போனதும் சமீராவின் தகப்பனிடம் கைப்பேசியில் சொன்னதைத் தலைமைச் செவிலியர் லூர்துமேரி கேட்டு, மறக்காமல் என்னிடம் ஒப்பித்தார்:

"அல்ஹம்துலில்லாஹ், புள்ள தேறிட்டாங்க மச்சான்! எப்படித் தெரியும்னா? டாக்டர் சார் இவ்வளவு நேரம் நின்னு பேசுறாரு! மோசமா இருந்தா இவங்க ரெண்டு வார்த்தையோட போயிடுவாங்கள்ல? மூணு படியாம், நாம ரெண்டாவது படியாம். பாஸுன்னு வச்சிக்கங்க."

அந்தத் தர்க்கத்தில் பிழை காண முடியுமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முடியவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். கெட்ட செய்தியைச் சுருக்குகிறோம். நல்ல செய்தியை நீட்டுகிறோம். மக்கள் நம் சொற்களைக் கேட்பதில்லை; நாம் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதைப் பார்க்கிறார்கள்.

குழந்தை ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வரும் நாளிலேயே சோறாக்கிப் போடுவதாக அவர்கள் வீட்டில் நேர்ந்திருந்தார்கள். நண்பகல் தாண்டியதும் ஒரு வேன் வந்து நின்றது. பெரிய தேக்சாக்களில் நெய்ச்சோறும் கறியும் இறங்கின. நோயாளிகளுடன் வந்தவர்கள் தங்கும் கொட்டகையில், சாதி மதம் பாராமல், வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறினார்கள். கவினின் தகப்பன் முருகேசன் ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றிருந்தார். ஆலைக்குக் கரும்பு வெட்டும் தொழிலாளி. மகன் உள்ளே கருவியில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போது எந்தத் தகப்பனுக்குச் சோறு இறங்கும்? ஜாபர் அவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"எங்க புள்ள வெளிய வந்துட்டா அண்ணே. ஒங்க புள்ளையும் வருவான். அவ படுத்துக் கெடந்த எடந்தான் அவனுக்கு. ராசியான எடம். சாப்புடுங்க."

எனக்கும் ஒரு தட்டு என் அறைக்கு வந்தது. இந்த இடத்தில் என் கண்ணியத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லை. விதிமுறைப்படி நான் அதை மறுத்திருக்க வேண்டும். குழந்தை இன்னும் தேறவில்லை. தேறியதற்கான விருந்தை நான் எப்படி ஏற்பது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கறித்துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். என் அறைக்கும் நடு ரூமுக்கும் இடையில் கண்ணாடிச் சன்னல். ரஹ்மத் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, துபாயில் இருக்கும் கணவர் அன்வருக்கு மகளைக் காட்டிக்கொண்டிருந்தார். உறவுப் பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். சமீரா மட்டும் சிரிக்கவில்லை. அத்தாவுக்குக் கையசைக்கச் சொன்னபோது கையைத் தூக்கிப் பாதியில் விட்டுவிட்டாள். அவளுடைய மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே இழுபட்டது. இத்தனையையும் என் கண் குறித்துக்கொண்டபோது என் வாய் மென்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து நெய்ச்சோற்றின் மணத்தை நான் ஒரு நோய்க்குறியாகவே கருதிவருகிறேன்.

எழுந்து ஓடினேன். உள்ளே நுழையும்போதே லூர்துமேரி வழிமறித்தார். ஏலாக்குறிச்சிக்காரர், பெரிய மருத்துவர், சின்ன மருத்துவர் என்று பேதம் பார்க்காதவர்.

"சார், கை."

விரல்களில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தது. போய்க் கழுவிவிட்டு வந்தேன். அவர் அதற்குள் பார்வையாளர்களை வெளியேற்றி, ஆக்சிஜனைக் கூட்டி, படுக்கைக்கே எக்ஸ்ரே கருவியை வரவழைத்திருந்தார். சளி திரண்டு ஒரு மூச்சுக்கிளையை அடைத்து, வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கியிருந்தது. சிறிய அடைப்புதான். ஆனால் நோய் பட்டுத் தளர்ந்த நெஞ்சுக்குச் சிறியது, பெரியது என்ற கணக்கு இல்லை. சளியைக் கிளப்பி வெளியேற்ற முடிந்தால் நுரையீரல் விரியும். முடியாவிட்டால் அவளுக்கும் செயற்கைச் சுவாசம் வேண்டும். கருவியுள்ள படுக்கையில் இப்போது கவின் கிடந்தான்.

ஜாபர் வந்து நின்றார். கொட்டகையில் சிரித்த முகம் அல்ல.

"சார், திரும்ப ஐ.சி.யூ.க்குக் கொண்டு போங்க."

"இடம் இல்லை, ஜாபர்."

"காலையில இருந்துச்சே. அவ எடந்தான அது?"

நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். நடு ரூமின் கதவுக்கு அப்பால், மகன் கிடக்கும் அறையின் வாசலில், முருகேசன் நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவி, யாரிடம் திருப்பிக் கொடுப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்திருந்தார். ஜாபரைப் பார்த்ததும் ஓரடி முன்னால் வந்து தட்டை நீட்டினார். ஜாபர் அதை வாங்கிக்கொண்டார். ராசியான இடம் என்று தாமே சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் படுக்கையைப் பற்றி அவர் பேசவில்லை.

"அப்ப திருச்சிக்குக் கொண்டு போயிடறோம் சார். வெளிய ஆம்புலன்ஸ் நிக்கிது."

நண்பர்களே, நம் தொழிலில் மிகக் கவர்ச்சியான சொல் 'அனுப்பிவிடலாம்' என்பது. அனுப்பியபின் நடப்பது எதுவும் நம் அறையில் நடப்பதில்லை. எனக்கு அந்தக் கணத்தில் எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை உங்களிடம் மறைப்பதில் பயனில்லை. வேன் வந்த சத்தம், தேக்சா, விருந்து, என் தட்டு, எல்லாவற்றையும் அந்த ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் ஒரு நல்ல பரிந்துரைக் கடிதம் எழுதியிருப்பேன். கடிதம் எழுதுவதில் நான் வல்லவன். ஆனால் திருச்சி ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு, மூச்சுத் திணறும் குழந்தையுடன், வழியில் மூச்சு நின்றுபோனால் குலுங்கும் வண்டியில் ஒருவர் தொண்டைக்குள் குழாய் பொருத்த வேண்டும். இங்கே ஒரு முயற்சிக்கு இன்னும் இடமிருந்தது. அது பலிக்காவிட்டால் இதே அறையில் குழாய் பொருத்தி, கையால் காற்றடித்து, நிலைப்படுத்திய பிறகு அனுப்பலாம். கருவி இல்லாத அறையில் அதைச் செய்வது நல்ல ஏற்பாடு அல்ல. ஓடும் வண்டியில் செய்வதைவிட நல்லது, அவ்வளவுதான். இரண்டு மோசமான வழிகளில் குறைவாக மோசமானது எது என்று பார்ப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

"இப்போது அனுப்பினால் வழியில் ஆபத்து," என்றேன். "இங்கேயே முயன்று பார்க்கிறேன்."

ரஹ்மத்தின் கையில் கைப்பேசி இன்னும் அணையாமல் இருந்தது. திரையில் அன்வரின் முகம். வேலையிடத்துத் தலைக்கவசத்தைக் கழற்றக்கூட மறந்திருந்தார்.

"சார், எனக்கு அந்தப் படி கிடியெல்லாம் புரியல சார். எம் மக நல்லாயிருக்காளா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

"தற்போதைய நிலையில், முன்னேற்றத்திற்கான வாய்ப்புகளைக் கருத்தில்கொண்டு நோக்கும்போது..." என்று தொடங்கினேன். லூர்துமேரி இருமினார். அவருக்குச் சளி இல்லை. நான் நிறுத்தினேன். பல்லாண்டுப் படிப்பும் மூன்று படிகளும் ஒரு குச்சியும் என்னைக் கைவிட்டன.

"தெரியலைப்பா," என்றேன்.

ஜாபர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு படிச்சிட்டுத் தெரியலைன்னா எப்படி சார்?"

இதற்கு நறுக்கென்று ஒரு பதில் எனக்குத் தோன்றியது. ஆனால் அது மறுவாரம் குளித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. அன்று பேசியது ரஹ்மத். மகளின் காலைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"எப்பத் தெரியும் சார்?"

என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் என்னை அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. யோசித்தேன். இந்த முயற்சி பலிக்குமா என்பது எவ்வளவு நேரத்தில் தெரிய வேண்டும்? எந்த நேரத்துக்கு மேல் காத்திருப்பது பொறுமை என்ற பெயரில் செய்யும் கோழைத்தனமாகிவிடும்? அதற்கு என்னிடம் விடை இருந்தது.

"சாயங்காலத்துக்குள்ளே தெரியும். ரொம்ப நேரம் விடமாட்டேன்."

"அஸருக்குள்ளயா?" என்றார், பிற்பகல் தொழுகையை மனத்தில் வைத்து.

"அஸர் பாங்கு சொல்ற வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ளே மூச்சு வேகம் இறங்கினால் இங்கேயே இருக்கலாம். இறங்கவில்லை என்றால் குழாய் வைத்துவிடுவேன். எது ஆனாலும் பாங்கு கேட்டதும் நானே சொல்கிறேன்."

"இங்க அஸருக்கு இன்னும் நெறைய நேரம் இருக்கு சார்," என்றார் திரையில் அன்வர், கலங்கிப்போய். "துபாய் நேரமா, நம்மூரு நேரமா?"

"நம்மூரு நேரந்தான் மச்சான். வைங்க," என்றார் ஜாபர். அந்த அறையில் அன்று பிற்பகல் கேட்ட ஒரே சிரிப்பு அப்போது லூர்துமேரியிடமிருந்து வந்தது. அதையும் அவர் இருமலாக மாற்றிக்கொண்டார்.

வேலையைத் தொடங்கினோம். அதை விவரிக்கப் போவதில்லை; உங்களுக்கே தெரியும். புரட்டிப் படுக்கவைத்தோம், முதுகைத் தட்டினோம், சளியை உறிஞ்சி எடுத்தோம், காற்றின் வேகத்தைக் கூட்டினோம். குழாய் பொருத்தத் தேவையானவற்றை ஒரு தட்டில் எடுத்துவைத்து, பச்சைத் துணியால் மூடிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார் லூர்துமேரி.

"அந்தத் துணிக்கு அடியில என்னங்க சார்?" என்றார் ரஹ்மத்.

வழக்கமாக நான் "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருப்பேன்.

"மூச்சுக்குழாய் வைக்கிறதுக்கான சாமான். அதை எடுக்காமல் இருக்கத்தான் இவ்வளவு பாடும்."

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு அதன் பக்கமே திரும்பவில்லை. மகளின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே உதட்டுக்குள் துஆ ஓதினார்.

நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தது மருத்துவக் காரணத்தால் அல்ல. நேரக்கெடு ஒன்றைச் சொல்லிவிட்டேன்; எழுந்து போனால் அது வெறும் வாய்ச்சொல்லாகிவிடும் என்று தோன்றியது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த அறையை உருவாக்கியவனாகிய நான் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நின்று பார்த்து, நின்று பேசி, நின்றவாக்கில் நகர்ந்திருக்கிறேன். உட்கார்ந்தால் குழந்தையின் நெஞ்சு நம் கண்மட்டத்துக்கு வருகிறது. மூச்சை எண்ண விரலோ கருவியோ வேண்டாம். அவள் மூச்சு வேகமாக இருந்தது. மீண்டும் பார்த்தேன், அப்படியே இருந்தது. ஒரு கட்டத்தில் கூடியது. எழுந்து துணியின் ஓரத்தைத் தொட்டேன். அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. சொன்ன நேரம் இருக்கிறது என்பதற்காகக் காத்திருப்பதா, கண்ணுக்குத் தெரிவதை நம்பி முந்துவதா? இன்னொருமுறை உறிஞ்சச் சொன்னேன். லூர்துமேரி உறிஞ்சு குழாயைச் செருகினார். பசை போன்ற ஒரு கட்டி வந்தது. சமீரா நீளமாக இருமினாள், அழுதாள். அவள் அழுகையில் குரல் இருந்தது. அழுவதற்குக் காற்று மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். நான் துணியை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

சாலைக்கு அப்பால் இருந்த பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன்.

"மூச்சு வேகம் கொஞ்சம் இறங்கியிருக்கு. நல்லாயிட்டான்னு நான் சொல்லவில்லை. குழாய் இப்போது வேண்டாம். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் இப்படியே பார்க்கலாம். மஃரிபுக்கு நானே வந்து சொல்கிறேன்."

ஜாபர் நெடுமூச்சு விட்டார். "வாறேன் சார், தொழுதுட்டு," என்று கிளம்பினார். வாசலில் நின்றிருந்த முருகேசனிடம், "அண்ணே, ஒங்க புள்ளைக்கு எப்படியிருக்காம்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"தெரியலைங்க. நாளைக்கிக் காலையில கண்ணத் தொறக்குறானான்னு பாக்கணும்னு சொன்னாங்க."

"அப்ப காலை வரைக்கும் இருப்போம்," என்றார் ஜாபர்.

அப்படித்தான் நாங்கள் மஃரிபிலிருந்து இரவு இஷாவுக்கும், அங்கிருந்து விடியற்காலை சுபுஹுக்கும் போய்ச் சேர்ந்தோம். கவின் மறுநாள் காலை கண் திறக்கவில்லை. அதற்கும் பிந்தித்தான் திறந்தான். திறந்ததும் பசிக்கிறது என்று சைகை காட்டினான். சமீரா வீட்டுக்குப் போன அன்று ஜாபர் மறுபடியும் ஒரு தேக்சாவுடன் வந்தார். தட்டை என் மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தத் தடவை எதுவரைக்கும் சார்?"

"வூடு போய்ச் சேர்ற வரைக்கும் பொறுப்பு என்னுது," என்றேன். என் வாழ்நாளில் நான் உச்சரித்த மிகச் சரியான வட்டார வாக்கியம் அதுவே. பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட்டேன். படிகள் கொண்ட படத்தைக் கழற்றிவிட்டோம். குச்சியை யாரோ ஒட்டடை அடிக்க எடுத்துக்கொண்டார்கள்.

இத்துடன் முடித்திருந்தால் இதுவும் நான் முதலில் கேலி செய்த கட்டுரைகளில் ஒன்றாகியிருக்கும்: குழந்தை பிழைத்தது, மருத்துவர் ஞானம் பெற்றார். ஆகவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு என் மனைவியைத் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். ஒருநாள் முற்பகல் அவளை நடு அறைக்கு மாற்றினார்கள். அந்த அறைக்கு அங்கே வேறு பெயர். எனக்கு அது நடு ரூம். கதவைத் தாண்டினால் எதுவும் முடிந்துவிடுவதில்லை என்று வாழ்நாளெல்லாம் விளக்கியவன் நான். அவளுடைய சுவாசத்தையும் நாடியையும் என் கண்ணாலேயே பார்த்தவன். மாற்றிய சிறிது நேரத்தில் உறவினர் எல்லோரையும் அழைத்து "வெளியே வந்துட்டா" என்றேன். எதிரே இருந்த கடைக்குப் போய், செவிலியர்களுக்குக் கொடுக்க ஒரு பெட்டி இனிப்பு வாங்கினேன். முந்திரி வைத்ததா, வைக்காததா என்று கடைக்காரர் கேட்டார். வைத்ததே கொடுங்கள் என்றேன்.

பணியில் இருந்த மருத்துவர் இளம்பெண். உங்கள் வயது இருக்கும். எனக்குரிய மரியாதையைக் கொடுக்க விரும்பி, "நீங்களே டாக்டர், உங்களுக்குத் தெரியாதது இல்ல சார்," என்று தொடங்கி, பரிசோதனை முடிவுகளின் எண்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். நான் மிகுந்த மரியாதையுடன் தலையாட்டினேன். ஒவ்வோர் எண்ணும் எனக்குப் பழக்கமானதே. ஒன்றும் புரியவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவர் நகர முற்பட்டபோது கேட்டேன்:

"டாக்டரம்மா, நல்லாயிருக்காளா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

அவர் திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் கட்டிலைப் பார்த்தார்.

"தெரியல சார். மத்தியானத்தத் தாண்டிட்டாங்கன்னா கொஞ்சம் சொல்லலாம். வெளக்கு வைக்கிற நேரத்துக்கு நானே வந்து சொல்றேன்."

அவருக்கு இதை யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். நான் கற்றுக்கொடுக்கவில்லை என்பது உறுதி. அவராகவே கண்டடைந்திருக்கிறார், என்னைவிட வெகு சீக்கிரமாக. நான் கட்டிலருகில் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்தால் நெஞ்சு கண்மட்டத்துக்கு வரும் என்று சொன்னேன் அல்லவா? என் மனைவி ஒருமுறை கண் திறந்து பெட்டியைப் பார்த்தாள். "யாருக்கு?" என்றாள். "நர்ஸுங்களுக்கு," என்றேன். "அதுக்குள்ளயா?" என்றாள். அது அவள் வழக்கமாகக் கொடுக்கும் சுருக்கமான விடைகளில் ஒன்று.

விளக்கு வைக்கும் நேரத்தில் சொல்வதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை. பிற்பகலிலேயே அவள் மூச்சு அடங்கி எல்லாம் முடிந்து, கருவிகளை விலக்கி, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். அந்த இளம் மருத்துவரின் பணிநேரமும் முடிந்துபோயிருந்தது, வேறொருவர் பொறுப்பேற்றிருந்தார். வராண்டாவில் மின்விளக்குகளைப் போட்டார்கள். திரையை விலக்கிக்கொண்டு அந்த இளம்பெண் வந்தார், வெள்ளை அங்கி இல்லாமல், தோளில் வீட்டுக்குக் கிளம்பிய கைப்பையுடன். என் மடியில் இருந்த இனிப்புப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.